கேரவன் கூரையில் சூரிய மின்சாரம்: சார்ஜ் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதுதில்லி: கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்திய கேரவன் வாகனங்களில் நீண்ட பயணம் மேற்கொள்வோர், தகடுகளையும் பேட்டரியையும் தேர்வு செய்வதில் காட்டும் அக்கறையை, அவ்விரண்டையும் இணைக்கும் சார்ஜ் கன்ட்ரோலரைத் தேர்வு செய்வதில் பெரும்பாலும் காட்டுவதில்லை. சமவெளி வெயிலில் மாதக்கணக்கில் பழுதின்றி இயங்கிய ஒரு கருவி, இமயமலையின் உறைபனிக் காலையில் சூரியன் உதித்த சில நிமிடங்களிலேயே செயலிழந்துபோகக்கூடும். கருவி தரமானதாக இருந்தாலும் இது நேரலாம். வாங்கும்போது குளிரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதே அதற்குக் காரணமாக இருக்கும்.

திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் மட்டுமே காணப்பட்ட கேரவன், அண்மை ஆண்டுகளில் குடும்பச் சுற்றுலாவுக்கான வாகனமாகவும் மாறி வருகிறது. கேரளம், மகாராஷ்டிரம் ஆகிய மாநில அரசுகள் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கைகளை அறிவித்தன. வேன்களையும் சிறு பேருந்துகளையும் படுக்கை, சமையலறை வசதியுடன் மாற்றியமைத்து, கட்ச் பாலைநிலம் முதல் ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு வரை செல்வோரும் உள்ளனர். மின் இணைப்பு கிடைக்கும் முகாம்கள் எல்லா வழித்தடங்களிலும் இல்லாததால், கூரையில் கிடைக்கும் சூரிய மின்சாரமே இவர்களுக்கு விளக்கும் விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் ஆகும். முதியவர்களின் இன்சுலின் மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் பாதுகாக்க வேண்டிய குடும்பத்துக்கு, அந்த மின்சாரம் வசதி என்ற நிலையைக் கடந்து அத்தியாவசியமாகிறது.

கருவியின் பணி என்ன?

சூரிய மின்தகட்டை நேரடியாகப் பேட்டரியுடன் இணைக்க இயலாது. 12 வோல்ட் தகடு என்று விற்கப்படும் 36 செல்கள் கொண்ட தகடு, நல்ல வெயிலில் சுமார் 18 வோல்ட் அழுத்தத்தில்தான் முழுத் திறனையும் தருகிறது. மின்சுமை ஏதும் இணைக்கப்படாத நிலையில் அதன் அழுத்தம் 22 வோல்ட்டைத் தாண்டும். 12 வோல்ட் பேட்டரியோ 14.5 வோல்ட் அளவுக்கு மேல் தொடர்ந்து மின்னேற்றப்பட்டால் கெட்டுவிடும். தகட்டின் மின்சாரத்தைப் பேட்டரி ஏற்கும் அளவுக்கு மாற்றுவது, பேட்டரி நிறைந்ததும் மின்னேற்றத்தைக் குறைப்பது, இரவில் பேட்டரியிலிருந்து தகட்டுக்கு மின்சாரம் திரும்பாமல் தடுப்பது ஆகியவையே சார்ஜ் கன்ட்ரோலரின் பணிகள்.

இக்கருவியின் விலை, அது காக்கும் பேட்டரியின் விலையில் ஒரு பகுதியே. ஆனால் தவறான கருவி அமைந்துவிட்டால் சேதம் பேட்டரியையும் சேர்த்தே தாக்கும்.

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும்

கடையில் கருவியைப் பார்ப்பதற்கு முன், ஒரு நாளில் செலவாகும் மின்சாரத்தைக் கணக்கிடுவது அவசியம். 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய கம்ப்ரசர் குளிர்சாதனப் பெட்டி, கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 500 வாட்-மணி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். தலா 20 வாட் திறனுள்ள இரு விசிறிகள் 10 மணி நேரம் ஓடினால் 400 வாட்-மணி. விளக்குகள், கைப்பேசிகள், மடிக்கணினி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு மேலும் 300 வாட்-மணி எனக் கொண்டால், மொத்தத் தேவை 1,200 வாட்-மணி, அதாவது 1.2 யூனிட்.

இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 4 முதல் 7 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் கிடைக்கிறது. கூரையில் படுக்கைவாட்டில் கிடக்கும் தகடுகளில் வெப்பம், தூசி, கம்பி இழப்பு ஆகியவை போக, தகட்டின் திறனை 3 முதல் 3.5 மணி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதே நம்பத்தகுந்த அளவு. தலா 160 வாட் திறனுள்ள நான்கு தகடுகள், அதாவது 640 வாட், தெளிந்த நாளில் ஏறத்தாழ 2 யூனிட் தரும். மழைக்கால மேகமூட்டத்தில் அது நான்கில் ஒரு பங்காகவும் குறையலாம். அத்தகைய நாட்களைச் சமாளிக்க 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி இரண்டு நாள் தேவையைத் தாங்கும்.

குளிரூட்டிச் சாதனம் இக்கணக்கில் அடங்காது. ஒரு டன் திறனுள்ள ஏ.சி. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலே சுமார் 1 யூனிட் செலவாகும். நாள் முழுவதும் கூரை சேர்த்துத் தரும் மின்சாரம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இரு வகைக் கருவிகள்

சந்தையில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என இரு வகைக் கருவிகள் கிடைக்கின்றன. பிடபிள்யூஎம் கருவி, தகட்டையும் பேட்டரியையும் மிக வேகமாக இணைத்தும் துண்டித்தும் இயங்கும் ஒரு மின்விசை போன்றது. இணைந்திருக்கும் நேரத்தில் தகடு தனக்குரிய 18 வோல்ட்டை விட்டுவிட்டுப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 160 வாட் தகடு தரும் மின்னோட்டம் ஏறத்தாழ 8.6 ஆம்பியர். அதனை 13 வோல்ட்டால் பெருக்கினால் 112 வாட் மட்டுமே பேட்டரிக்குச் செல்கிறது.

எம்பிபிடி கருவி தகட்டை அதன் உகந்த அழுத்தத்திலேயே இயங்கவிட்டு, கூடுதல் வோல்ட்டைக் கூடுதல் ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. இம்மாற்றத்தில் ஏற்படும் இழப்பு நூற்றுக்கு நான்கைந்து பங்கு மட்டுமே. விலை அதிகம் என்பதே இதன் குறை.

வீட்டு மாடிகளுக்கான பெரிய தகட்டை வாட் கணக்கில் விலை குறைவு என்பதால் வாங்கி, அதனை 12 வோல்ட் பிடபிள்யூஎம் கருவியுடன் இணைப்பது பெரும் இழப்பைத் தரும் தவறாகும். 540 வாட் வீட்டுத் தகடு சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரக்கூடியது. பிடபிள்யூஎம் கருவி வழியாகப் பேட்டரியை அடைவது 13 ஆம்பியரும் 13 வோல்ட்டும்தான், அதாவது 170 வாட். மூன்றில் இரண்டு பங்கு வீணாகிறது. மேலும், அத்தகட்டின் சுமையற்ற அழுத்தம் ஏறக்குறைய 50 வோல்ட். மலிவான கருவிகள் பலவற்றின் உச்ச வரம்பும் அதே அளவில்தான் உள்ளது.

வெப்பத்தில் ஒரு நியாயம், குளிரில் ஒரு நியாயம்

எம்பிபிடி எப்போதும் எவ்வளவு கூடுதல் மின்சாரம் தரும் என்பதற்கு ஒரே விடை இல்லை. பயணம் செல்லும் இடமே அதனை முடிவு செய்கிறது.

சிலிக்கான் தகடு சூடேறினால் அதன் அழுத்தம் குறையும், குளிர்ந்தால் உயரும். தகட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள அளவுகள் யாவும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்ற சோதனைக்கூட நிலையில் எடுக்கப்பட்டவை. ராஜஸ்தானின் மே மாத நண்பகலில் வாகனக் கூரையில் உள்ள தகடு 65 டிகிரி வரை சூடாகும். அப்போது அதன் உகந்த அழுத்தம் 18.5 வோல்ட்டிலிருந்து 15.7 வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. பேட்டரியின் அழுத்தத்துக்கும் அதற்கும் இடையிலான வித்தியாசம் சிறிதாகிவிடுவதால், எம்பிபிடி கருவியால் மிச்சப்படுத்த முடிவது ஆறில் ஒரு பங்கு அளவே. அதே தகடு குளிர்ந்த மலைப்பகுதியில் இயங்கும்போது, பிடபிள்யூஎம் தருவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக எம்பிபிடி தரும்.

எனவே, ஒன்றிரண்டு சிறிய 12 வோல்ட் தகடுகளுடன், வெப்பமான சமவெளியில் வார இறுதி முகாம்களுக்கு மட்டும் செல்வோருக்குத் தரமான பிடபிள்யூஎம் கருவியே போதுமானது. மிச்சமாகும் தொகையில் மேலும் ஒரு தகடு வாங்குவது அதிகப் பயன் தரலாம். 300 வாட்டுக்கு மேற்பட்ட அமைப்பு, பெரிய தகடுகள், மலைப் பயணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பின் எம்பிபிடி தன் கூடுதல் விலைக்கு ஈடு செய்யும்.

ஆபத்தானது வோல்ட் வரம்பு

குளிரில் அழுத்தம் உயர்வதால் கிடைக்கும் லாபத்துடன் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. எம்பிபிடி கருவிகளின் மேல் 100/30, 100/50, 150/60 என்பன போன்று இரு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். முதல் எண், தகடுகளிலிருந்து கருவி தாங்கக்கூடிய உச்ச வோல்ட். இரண்டாவது, பேட்டரிக்கு அது அனுப்பக்கூடிய உச்ச ஆம்பியர். இவ்விரு வரம்புகளும் ஒரே தன்மையுடையன அல்ல. தகடுகள் தரும் திறன் சற்றே மிகுந்தால், நல்ல கருவி தன் ஆம்பியர் வரம்புடன் நிறுத்திக்கொள்ளும். எஞ்சியது வீணாகுமே தவிரக் கருவிக்குக் கேடில்லை. வோல்ட் வரம்பு மீறப்பட்டால் உள்ளிருக்கும் மின்னணு உறுப்புகள் உடனடியாகச் சேதமடையும். வரம்பு மீறலால் ஏற்படும் சேதம் பொதுவாக உத்தரவாதத்திலும் அடங்காது.

மேற்கூறிய நான்கு தகடுகளையே எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றின் சுமையற்ற அழுத்தம் 22.5 வோல்ட். நான்கையும் தொடராக இணைத்தால் 90 வோல்ட். 100 வோல்ட் வரம்புள்ள கருவிக்கு இது பாதுகாப்பானதாகவே தோன்றும். ஆனால் தகட்டின் வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் இந்த அழுத்தம் நூற்றுக்கு 0.28 பங்கு அளவில் உயர்கிறது.

சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஸ்பிதியின் காஸாவில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. 25 டிகிரிக்கும் மைனஸ் 20 டிகிரிக்கும் உள்ள இடைவெளி 45 டிகிரி. அதற்குரிய உயர்வு நூற்றுக்கு 12.6 பங்கு. 90 வோல்ட் 101 வோல்ட்டாகிவிடுகிறது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தகட்டின் மீது முதல் கதிர் படும் வேளையில், அது சூடேறுவதற்கு முன்பே இந்த உச்ச அழுத்தம் கருவியைத் தாக்கும். சமவெளியில் ஆண்டு முழுவதும் ஓடிய கருவி மலையின் முதல் காலையிலேயே பழுதடைவது இவ்வாறுதான்.

இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. 150 வோல்ட் வரம்புள்ள கருவியை வாங்குவது ஒன்று. இரண்டிரண்டு தகடுகளைத் தொடராக இணைத்து, அவ்விரு வரிசைகளையும் இணையாகச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாம் முறையில் மொத்த அழுத்தம் 45 வோல்ட் மட்டுமே. மைனஸ் 20 டிகிரியிலும் அது 51 வோல்ட்டைத் தாண்டாது. கூரையில் உள்ள சுமைதாங்கிச் சட்டத்தின் நிழலோ மரக்கிளையின் நிழலோ ஒரு தகட்டின் மேல் விழுந்தாலும், மறு வரிசை முழு அளவில் இயங்கும் என்பது இதன் கூடுதல் பயன். பயண வழியில் எதிர்பார்க்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் கணக்கிட்டு, அதன் மேல் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் இடைவெளி விட்டுக் கருவியைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

ஆம்பியர் கணக்கு

எம்பிபிடி கருவிக்கான ஆம்பியர் அளவை அறிய, தகடுகளின் மொத்த வாட்டைப் பேட்டரியின் வோல்ட்டால் வகுக்க வேண்டும். 640 வாட்டை 13 வோல்ட்டால் வகுத்தால் 49. ஆகவே 50 ஆம்பியர் கருவி தேவை. இதே அமைப்பு 24 வோல்ட் பேட்டரியுடன் இயங்கினால் மின்னோட்டம் பாதியாகி, 30 ஆம்பியர் கருவியே போதும். பிடபிள்யூஎம் கருவிக்கு, இணையாக உள்ள தகடுகளின் குறுக்குச்சுற்று மின்னோட்டங்களைக் கூட்டி 1.25-ஆல் பெருக்குவது வழக்கம்.

உயரமும் கவனிக்கத்தக்கது. காற்றின் அடர்த்தி குறைந்த இடங்களில் கருவியின் உலோகச் சிறகுகளிலிருந்து வெப்பம் மெதுவாகவே வெளியேறும். கருவியின் முழுத் திறன் எவ்வளவு உயரம் வரை, எந்த வெப்பநிலை வரை உறுதி செய்யப்பட்டுள்ளது என்பதை அதன் கையேட்டில் காணலாம்.

பேட்டரிக்கு ஏற்ற அமைப்பு

வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தினாலும், பேட்டரியின் வகைக்கு ஏற்ற மின்னேற்ற முறை கருவியில் இல்லையெனில் பயனில்லை. ஈய-அமில பேட்டரிக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கும் தேவைகள் வேறுபடுகின்றன.

ஈய-அமில பேட்டரிக்கு வெப்பநிலைக்கேற்ப மின்னேற்ற அழுத்தம் மாற வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு இது டிகிரிக்குச் சுமார் 18 மில்லிவோல்ட். 45 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தை 0.36 வோல்ட் குறைக்காவிட்டால் பேட்டரியின் நீர் வற்றும். மைனஸ் 10 டிகிரி குளிரில் 0.6 வோல்ட் உயர்த்தாவிட்டால் பேட்டரி ஒருபோதும் நிறையாது. இதற்கெனப் பேட்டரியின் மேல் ஒட்டும் வெப்ப உணரியுடன் கூடிய கருவியே ஏற்றது. கருவிக்குள்ளேயே உள்ள உணரி, கருவியின் சூட்டைத்தான் அளக்கும். மேலும், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிக்கு 50 ஆம்பியர் மின்னேற்றம் அளவுக்கு மீறியது என்பதால், உச்ச மின்னோட்டத்தைக் குறைத்து அமைக்கும் வசதியும் வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரையான மின்னேற்றம் போதுமானது. வெப்பநிலைத் திருத்தம் அதற்குத் தேவையில்லை. ஈய-அமில பேட்டரிகளுக்கு அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் அளிக்கப்படும் சமன்படுத்தும் மின்னேற்றம் லித்தியத்துக்கு முற்றிலும் கூடாது. பழைய பேட்டரியை அகற்றிவிட்டு லித்தியம் பொருத்துவோர், கருவியின் அமைப்பை மாற்ற மறப்பதால் பல சிக்கல்கள் எழுகின்றன.

லித்தியம் பேட்டரிக்கு உறைநிலை மற்றோர் எல்லை. அதன் செல்கள் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மின்னேற்றம் செய்தால், லித்தியம் எதிர்முனையின் உள்ளே செல்லாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. இழந்த கொள்ளளவு திரும்பக் கிடைக்காது. நாளடைவில் உட்புறக் குறுக்குச்சுற்று ஏற்படும் அபாயமும் உண்டு. குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் மேலாண்மைப் பலகை பேட்டரிக்குள் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே உறுதி செய்ய வேண்டும். பேட்டரியின் வெப்பநிலையை அறிந்து மின்னேற்றத்தை நிறுத்தும் கன்ட்ரோலர் இரண்டாவது காவலாக அமையும். பேட்டரியை வாகனத்தின் அடிப்பகுதியில் தொங்கவிடாமல் உட்புற அறையில் வைப்பது எளிய பாதுகாப்பு.

கம்பியும் ஃபியூஸும்

கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு அருகிலேயே பொருத்துவது நல்லது. 50 ஆம்பியர் மின்னோட்டம் 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் மூன்று மீட்டர் சென்று திரும்பினால், வழியிலேயே ஏறத்தாழ 0.9 வோல்ட் இழக்கப்படுகிறது. கருவி பேட்டரி நிறைந்துவிட்டதாகத் தவறாகக் கணிக்கும், கம்பியும் சூடேறும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவே.

பேட்டரியின் நேர்முனையை ஒட்டி, கம்பியின் தாங்குதிறனுக்குள் அடங்கும் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீயை மூட்டப் போதுமான ஆற்றல் பேட்டரியில் உள்ளது. மரப்பலகையும் பஞ்சு மெத்தையும் நிறைந்த வாகனத்தில், குடும்பத்தினர் உறங்கும் வேளையில் அது நேர்ந்தால் தப்ப அவகாசம் குறைவு. கருவியைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும். இணைக்கும்போது முதலில் பேட்டரியையும் பிறகு தகடுகளையும் இணைப்பதும், கழற்றும்போது தகடுகளை முதலில் துண்டிப்பதும் பெரும்பாலான கருவிகளின் கையேடுகள் கூறும் முறையாகும்.

பெயரில் மட்டும் எம்பிபிடி

எம்பிபிடி என்று அச்சிடப்பட்டு, உள்ளே பிடபிள்யூஎம் தொழில்நுட்பமே கொண்ட மலிவான கருவிகளும் சந்தையில் உலவுகின்றன. உண்மையான எம்பிபிடி கருவிக்குள் தாமிரச் சுருளும் பெரிய உலோக வெப்பச்சிறகும் இருப்பதால், உள்ளங்கையில் அடங்கும் இலேசான பிளாஸ்டிக் பெட்டியில் 50 ஆம்பியர் என்ற அறிவிப்பு ஐயத்துக்குரியது. நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கொண்டு எளிதில் சோதிக்கலாம். நல்ல வெயிலில், நிறையாத பேட்டரிக்குச் செல்லும் ஆம்பியர், தகட்டிலிருந்து வரும் ஆம்பியரைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். இரண்டும் சமமெனில் அது எம்பிபிடி அன்று. மின்பாதுகாப்புக்கான ஐஇசி 62109, கன்ட்ரோலர்களின் செயல்திறனுக்கான ஐஇசி 62509 ஆகிய சர்வதேசத் தரநிலைகளுக்கான சான்று உள்ளதா என விற்பனையாளரிடம் கேட்டறிவதும் உதவும்.

வாகனத்தில் செய்யப்படும் மாற்றங்களுக்குச் சட்ட வரம்பும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிலையும் உள்ளது. எனவே கூரையின் எடையையும் உயரத்தையும் கூட்டும் பணிகளுக்கு முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விவரம் அறிவது நல்லது.

வாங்கும் வரிசை

அன்றாடத் தேவை, பேட்டரியின் வகையும் கொள்ளளவும், கூரையில் இடம்பெறும் தகடுகள், அவற்றை இணைக்கும் முறை ஆகிய நான்கும் முடிவான பிறகே கன்ட்ரோலரை வாங்க வேண்டும். தகட்டின் பின்புறத்தில் உள்ள சுமையற்ற அழுத்தம், குறுக்குச்சுற்று மின்னோட்டம், வெப்பநிலைக் குணகம் ஆகிய மூன்று எண்களையும், செல்லவிருக்கும் இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது போதுமான ஆயத்தம். தற்போது சமவெளியில் மட்டும் பயணம் செய்வோரும் பிற்காலத்தில் மலைக்குச் செல்லும் எண்ணம் இருந்தால், அந்த மலையின் குளிருக்கே கணக்கிட்டு வாங்குவது சிக்கனம்.